எட்டுப் பெட்டிக் காற்று

குப்பைத் தொட்டியைப் பார்ப்பதற்காக விமானம் ஏறியவள், எங்கள் ஊரான காவாந்தண்டலம் சுற்றுவட்டாரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். விமான நிலையத்தில் அதிகாரி, "எதுக்காகப் போறீங்க?" என்று கேட்டார். "தொட்டி பார்க்க" என்றேன். மறுபடியும் கேட்டார். மறுபடியும் அதையே சொன்னேன். முத்திரை குத்திவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடும் முன் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் கொட்டகை. ஊர்களிலிருந்து வரும் மக்காத குப்பையைப் பிரித்து, அழுத்திக் கட்டி, ஆலைகளுக்கு அனுப்புகிறோம். அதோடு, நகராட்சிகளுக்குத் தொட்டி வாங்கிக் கொடுக்கும் வேலையும் உண்டு. முதலாளி ஏழுமலை சார் வெளியே ஓடுவார். கடிதம், ஒப்பந்தம், ஆங்கிலம் எல்லாம் நான். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனது நான். முதலில் கல்லூரி போனதும், முதலில் பாஸ்போர்ட் எடுத்ததும் நான்தான். எனக்குப் பிறகு வருகிறவர்கள் முதலில் செய்வதற்கு நான் அதிகம் மிச்சம் வைக்கவில்லை.

இந்த முறை ஒரு நகராட்சி, தரம் பிரித்துப் போடும் தொட்டிகள் ஆயிரம் கேட்டிருந்தது. சக்கரம் வைத்தது, மூடி வைத்தது, மூடியில் மூன்று அம்பு ஒன்றையொன்று துரத்தும் படம் போட்டது. விலை குறைவு என்று முதலாளி வியட்நாமில் ஒரு தொழிற்சாலையைப் பிடித்தார். கப்பலேறும் முன் ஒருவர் நேரில் பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்பது ஒப்பந்தம். முதலாளியின் பெயர் ஆதாரில் ஒரு மாதிரியும் வாக்காளர் அட்டையில் ஒரு மாதிரியும் இருந்து பாஸ்போர்ட் கிடைக்காததால், அந்த ஒருவர் நானானேன்.

போன வருடம் வடக்கே ஓர் ஊரிலிருந்து கொஞ்சம் தொட்டிகள் வாங்கியிருந்தோம். மூடி தனி, சக்கரம் தனி. இறக்கி வைத்த இரண்டாம் நாள் பாதிச் சக்கரங்களைக் காணோம். ஒரு வாரம் கழித்து அவற்றை ஊரெல்லாம் பார்த்தேன். இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தள்ளிக்கொண்டு போவதற்குப் பலகை அடித்து, அடியில் எங்கள் சக்கரம். கேட்டால், "கீய வுயுந்து கெடந்துச்சும்மா" என்றார்கள். அந்தக் கோபத்தில்தான் இந்த ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை எழுதினேன்: எல்லாத் தொட்டிகளும், மூடியும் சக்கரமும் முழுமையாகப் பொருத்தப்பட்டு, கீறல் ஏதுமின்றி வந்து சேர வேண்டும். ஆங்கிலத்தில் அது இன்னும் கம்பீரமாக இருக்கும். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். நகராட்சிப் பொறியாளர் அதில் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. ஏழுமலை சார் அந்தப் பக்கத்தை நகல் எடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டார்.

சைகோனில் இறங்கிய முதல் நாள், தொழிற்சாலை அனுப்பிய மொழிபெயர்ப்பாளர் லான் வந்திருந்தாள். மெலிந்த பெண், தன் உடம்பைவிடப் பெரிய தலைக்கவசம். வணக்கம் சொல்லி முடிப்பதற்குள், "உங்களுக்கு வயசு எவ்வளவு?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. வந்ததும் வராததுமாக வயசா?

"வயசு தெரியாம உங்கள எப்படிக் கூப்பிடறது?" என்றாள். "பெரியவங்கன்னா அக்கா. சின்னவங்கன்னா தங்கச்சி. எங்க மொழியில வெறும் 'நீங்க' கிடையாது."

இருபத்தாறு என்றேன். அவளுக்கு இருபத்துமூன்று. அந்த நிமிடத்திலிருந்து நான் அக்காவாகிவிட்டேன். எங்கள் ஊரிலும் இதே கதைதான். நாங்கள் வயசைக் கேட்பதில்லை, பார்த்தே முடிவு செய்துவிடுவோம்; அதனால்தான் அடிக்கடி சண்டை வருகிறது.

அவள் என்னைச் சாப்பிட அழைத்துப் போனது நடைபாதையில் இருந்த ஒரு கடைக்கு. பாலர் பள்ளிக்கூடத்தில் போடுவது போன்ற குட்டி நாற்காலிகள். அதில் கோட்டுப் போட்ட பெரிய மனிதர்கள் முழங்கால் காதுக்கு வர உட்கார்ந்திருந்தார்கள். தட்டில் வந்த சோற்றைப் பார்த்துத் திகைத்தேன். நொய்யரிசி. சந்தேகமே இல்லை, எங்கள் வீட்டில் கஞ்சி காய்ச்சும் அதே நொய். ஆனால் மேலே வறுத்த கறி, பொரித்த முட்டை, பக்கத்தில் கிண்ணத்தில் மீன் சாறு. லான் பெருமையாக, "இது இந்த ஊரோட ஸ்பெஷல், அக்கா" என்றாள்.

அம்மாவுக்கு போன் போட்டேன். ஊரில் மணி சைகோனைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். அம்மா நடவுக்குப் போய்க் கரையேறியிருந்தாள்.

"இன்னா துன்ன?"

"நொய்யரிசிச் சோறு."

"அத்த துன்றதுக்கா அம்மாந்தூரம் போன?" என்றாள். பிறகு பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்வது கேட்டது: "நம்ம வூட்டு நொய்யிதான் துன்னுக்கினு கீதாம். பிளேன்ல போயி."

அந்த ஊரில் சாலையைக் கடப்பது ஒரு தனிக் கலை. ஆயிரம் ஸ்கூட்டர் வருகிறது, நிற்பதில்லை. நின்றால் இடித்துவிடுவார்கள், ஓடினாலும் இடித்துவிடுவார்கள். ஒரே சீராக, யாரையும் பார்க்காமல், மெதுவாக நடக்க வேண்டும். அவர்கள் நம்மைச் சுற்றிக்கொண்டு போவார்கள். உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் மாடுகள் இந்த முறையைத்தான் கடைப்பிடிக்கின்றன. நான் இத்தனை நாள் அவற்றைத் தப்பாக நினைத்துவிட்டேன்.

இரண்டாம் நாள் தொழிற்சாலை. நகரத்திலிருந்து வடக்கே ஒரு மணி நேரம். லானின் ஸ்கூட்டரில் போனோம். பாதியில் மழை பிடித்துக்கொண்டது. அவள் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு மழைச்சட்டையை எடுத்தாள். ஒரே சட்டை, தலை நுழைக்க இரண்டு ஓட்டை. முன்னால் விளக்கு தெரிய கண்ணாடி போன்ற ஒரு துண்டு வேறு தைத்திருந்தது. இரண்டு பேரும் ஒரு சட்டைக்குள் இரண்டு தலை நீட்டிக்கொண்டு போனோம். ஒரு பள்ளத்தில் முழங்கால் தண்ணீர், வண்டி நின்றுவிட்டது. இறங்கித் தள்ள வேண்டும், ஆனால் சட்டை ஒன்று. அவள் இடதுபக்கம் இறங்க, நான் வலதுபக்கம் இறங்க, இருவர் கழுத்தும் வண்டிக்கு மேல் இழுபட்டு நின்றது. ஓரமாக நின்ற ஒரு பழக்காரம்மா ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாங்க?"

"கல்யாணம் ஆன புதுசான்னு கேக்கறாங்க."

தொழிற்சாலைக்குப் போனபோது என் புதுச் செருப்பு ஒன்று பள்ளத்தோடு போய்விட்டிருந்தது. ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கொடுத்தார்கள். ஒப்பந்தத்தின் சார்பில் பரிசோதிக்க வந்த அதிகாரியான நான், பச்சை ரப்பர் செருப்போடு உள்ளே போனேன்.

அன்று பார்த்ததெல்லாம் சுத்தமாக இருந்தது. பிளாஸ்டிக் மணிகள் உருகி, அச்சுக்குள் போய், ஆவி பறக்க ஒரு தொட்டி வெளியே விழுகிறது. பார்க்கப் பணியாரம் சுடுவது போலிருந்தது. மணி மூட்டைகளில் எழுதியிருந்ததைப் படித்தேன். அவை வேறொரு நாட்டிலிருந்து, வேறொரு கடல் தாண்டி வந்தவை. "பழைய பிளாஸ்டிக்கிலேர்ந்து செய்யலையா?" என்று கேட்டேன். பொதி கட்டும் பிரிவின் தலைவர் வின், வழுக்கைத் தலையும் காதில் பென்சிலுமாக இருப்பவர், சிரித்தார். "நீங்க கேட்ட நிறம் அதுல வராது." அந்த நிறத்தைக் கேட்டதும் நாங்கள்தான். பழையதைத் திரும்பப் பயன்படுத்துங்கள் என்று சொல்லும் தொட்டி, புத்தம் புதுசிலிருந்து வருகிறது. குறித்துக்கொண்டேன். ஆனால் அன்று எனக்கு அது பெரிதாக உறுத்தவில்லை; சக்கரம் உறுதியாக இருக்கிறதா என்பதிலேயே கண்ணாக இருந்தேன். ஒவ்வொன்றாக உதைத்துப் பார்த்தேன். ரப்பர் செருப்புக்குத்தான் வலித்திருக்கும்.

மூன்றாம் நாள் பொதி கட்டும் இடத்துக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே பத்துப் பதினைந்து பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி தொட்டிக்குச் சக்கரம் அடிக்க, ஒருத்தி மூடி மாட்ட, ஒருத்தி கீறல் விழாமலிருக்கப் பஞ்சுத்தாள் சுற்ற, இன்னொருத்தி அதன் மேல் பிளாஸ்டிக் உறை இழுத்து ஒட்டினாள். வெளியே கப்பலில் ஏற்றும் பெரிய இரும்புப் பெட்டி ஒன்று வாயைத் திறந்துகொண்டு நின்றது. அதற்குள் தொட்டிகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நிற்கவைத்தார்கள். நன்றாக இடைவெளி விட்டு, மணமேடையில் நிறுத்துவது போல.

என்னைப் பார்த்ததும் பெண்கள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். வயதில் மூத்தவர், ஹான் என்று பெயர், உள்ளங்கையை வாயருகே வைத்து ஊதிக் காட்டினார். இன்னும் பெரிய சிரிப்பு.

"என்ன சொல்றாங்க?" என்று லானைக் கேட்டேன்.

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாததுக்கா இவ்வளவு சிரிப்பு?"

லான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "உங்க ஆர்டருக்கு இங்க 'காத்து ஆர்டர்'னு பேர். மத்த நாட்டுக்கெல்லாம் தொட்டி அனுப்பறோம், இந்தியாவுக்கு மட்டும் வியட்நாம் காத்து அனுப்பறோம்னு சொல்றாங்க. உங்க ஊர்ல காத்து இல்லையான்னு ஹான் அக்கா கேக்கறாங்க."

எனக்கு விளங்கவில்லை. ஹான் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். அங்கே சக்கரம் போடாத தொட்டிகள் கூரை வரை நின்றன. ஒன்றுக்குள் ஒன்று, அதற்குள் ஒன்று; டம்ளர் அடுக்கியது போல. பக்கத்தில் மூடிகள் தட்டுத் தட்டாக. சக்கரங்கள் சாக்கில். மற்ற எல்லாருக்கும் இப்படித்தான் போகுமாம். இப்படிப் போனால் ஆயிரம் தொட்டிக்கு இரண்டு பெட்டி போதும். எங்களுக்கு எட்டுப் பெட்டி.

எட்டுப் பெட்டி என்பது எனக்குப் புதுச் செய்தியில்லை. ஏழுமலை சார் டீக்கடையில், "எட்டு கன்டெய்னர் வந்துகினு கீது" என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். எட்டில் ஆறு வெறும் காற்று என்று யாரும் கணக்குப் போடவில்லை.

"யார் இப்படி அனுப்பச் சொன்னது?" என்று கேட்டேன்.

வின் சுவரைக் காட்டினார். அங்கே ஒரு தாள் ஒட்டியிருந்தது. மேலே அவர்கள் மொழியில் பெரிய எழுத்து. கீழே, கட்டம் கட்டி, நான் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதிய ஆங்கில வரி. யாரோ சிவப்பு மையால் அடிக்கோடும் போட்டிருந்தார்கள்.

நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? ஒன்றும் செய்யவில்லை. "ம், சரிதான்" என்று தலையாட்டிவிட்டு, கழிவறை எங்கே என்று கேட்டுப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அங்கே யோசித்தேன். போன வருடம் வந்த தொட்டிகளும் ஒன்றுக்குள் ஒன்று உட்கார்ந்துதான் ஒரே லாரியில் வந்தன. என் கையாலேயே உருவி இறக்கினேன். பார்த்தது எல்லாம் போய், காணாமல் போன சக்கரம் மட்டும்தான் மனதில் நின்றிருக்கிறது.

மத்தியானம் அந்தப் பெண்களோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். கூடை நிறைய பச்சை இலை வைத்தார்கள். எதைக் கடிப்பது, எதைக் குழம்பில் போடுவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் மென்றேன். லானிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தேன். "கப்பல் எப்படியும் போகத்தானே போகுது? அதுல காத்து இருந்தா என்ன, சரக்கு இருந்தா என்ன?"

"அந்த இடத்துல வேற யார் சரக்காவது போயிருக்கும்கா," என்றாள் அவள். "அதுக்கு இப்போ வேற கப்பல் தேடணும். அப்புறம் அந்தப் பஞ்சுத்தாள், உறை. அடுக்கி அனுப்பினா அது ஒண்ணுகூட வேண்டாம்."

ஆயிரம் தொட்டிக்கு ஆயிரம் பஞ்சுத்தாள், ஆயிரம் உறை. தொட்டி ஊருக்கு வந்ததும் அதற்குள் விழும் முதல் குப்பை அதன் சொந்தச் சட்டையாகத்தான் இருக்கும். அந்தச் சட்டையைப் பிரித்துக் கட்டும் கொட்டகை எங்களுடையது. துறைமுகத்திலிருந்து உத்திரமேரூருக்கு வரப்போவது இரண்டு லாரியா, எட்டா என்பதும் என் ஒரு வரியில் இருந்தது.

ஒரு பெட்டி ஏற்கெனவே மூடி முத்திரை வைத்தாயிற்று. இன்னொன்றுக்குத் தேவையான தொட்டிகளுக்குச் சக்கரம் அடித்தாயிற்று. அடித்த சக்கரத்தை அறுத்தால்தான் கழற்றலாம். மற்றவற்றுக்கு மறுநாள் மாலை வேலை தொடங்கும் என்றார் வின். அதற்குள் கடிதம் வந்தால் நிறுத்தலாம், வராவிட்டால் எழுதியபடிதான்.

ஏழுமலை சாரைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"ஏம்மா மேகலா, வேற வேல இல்லியா உனுக்கு? எய்தி கையெய்த்துப் போட்டாச்சு. இப்போ போயி மாத்துன்னா, அந்த எஞ்சினீயரு ஆர்டரையே கேன்சல் பண்ட்டா இன்னா பண்ணுவ?"

"தப்பு சார். நாமதான் தப்பா எழுதிட்டோம்."

"நாம இல்ல, நீ எய்தன," என்றார். கோபத்தில் சொல்லவில்லை, சும்மா நினைவூட்டினார். "இத்த வெளிய சொன்னா, இந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாதுன்னுதான் பேசுவாங்க. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். கம்முனு பாத்துட்டு வா. பேஜாரு பண்ணாத."

அவர் சொன்னதில் பாதி எனக்கே தோன்றியதுதான். யாருக்கும் தெரியாது. எட்டுப் பெட்டியும் வரும், இறங்கும், கைதட்டுவார்கள். என் வரி கண்ணாடிக்கு அடியில் பத்திரமாக இருக்கும். ஆர்டர் போனால் கொட்டகையில் பிரிக்கிற வேலை செய்யும் பெண்களுக்கு அந்த மாதத்துக் கூடுதல் வேலையும் போகும். அதை நினைத்தால் வாயைத் திறக்கப் பயமாக இருந்தது. ஆனால் ஹான் உள்ளங்கையில் ஊதியது கண்ணைவிட்டுப் போகவில்லை. உலகத்தில் ஒரு தொழிற்சாலை முழுக்க என் எழுத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு பேசாமல் இருப்பதற்கு எனக்கு ரோஷம் அதிகம்.

"நான் பொறியாளர்கிட்டப் பேசறேன் சார்," என்றேன்.

"பேசு. ஆனா நம்மூர்ல யாரு சக்கரம் அடிப்பாங்கன்னு கேட்டா இன்னா சொல்லுவ?"

அதற்குப் பதில் வேண்டும். நான்காம் நாள் காலை ஏழு மணிக்கே தொழிற்சாலைக்குப் போய் ஹானிடம் கற்றுக்கொண்டேன். கம்பியை நுழைத்து, சக்கரத்தை மாட்டி, ரப்பர் சுத்தியால் ஒரே தட்டு. பார்க்க எளிது. முதல் தட்டில் என் கட்டைவிரல், இரண்டாவது தட்டில் லானின் கட்டைவிரல். ஐந்தாவதில் சக்கரம் உட்கார்ந்தது. "பள்ளிக்கூடத்துல இது சொல்லித் தரலையா?" என்று ஹான் கேட்டதாக லான் சொன்னாள். இல்லை என்றேன். "அதனாலதான் காத்து," என்றாராம் ஹான்.

பிறகு லான் என் போனைப் பிடிக்க, எங்கள் கொட்டகையில் மற்ற பெண்களுக்குத் தலைவியான தேவகி அக்காவுக்கு ஒரு வீடியோ எடுத்தோம். அக்காவுக்கு எழுத்துத் தமிழில் சொன்னால் கொட்டாவி வரும். அதனால் எங்கள் பேச்சிலேயே சொன்னேன்.

"தேவகிக்கா, நல்லா பாத்துக்கோ. இத்தான் கம்பி. இத்த இந்த ஓட்டைல வுடு. அந்தாண்ட மூக்கு நீட்னதும் சக்கரத்த மாட்டு. சுத்தியால ஒரே தட்டு. டொக்குனு சத்தம் வரணும். வரலன்னா அது ஒயுங்கா குந்தலன்னு அர்த்தம். குந்தாத சக்கரத்த தெருவுக்கு அனுப்ச்சன்னா, அந்த எஞ்சினீயர் சாரு நம்மள குந்த வெச்சி கேள்வி கேப்பாரு. அவரு ஏற்கெனவே மூஞ்சிய உம்முனு வெச்சிக்கினு கீறாரு."

அதை அனுப்பிவிட்டு, பொறியாளருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். மூன்று பத்தி, நல்ல ஆங்கிலம். கப்பல், எரிபொருள், உறை, சுற்றுச்சூழல் எல்லாம் ஒழுங்காக. படம் பிடித்து அனுப்பலாம் என்று போனை எடுத்தபோதுதான் பார்த்தேன். வீடியோ தேவகி அக்காவுக்குப் போகவில்லை. பொறியாளரும் அவர் அலுவலகத்தில் நாலு பேரும் இருக்கும் குழுவுக்குப் போயிருந்தது. எல்லாரும் பார்த்தாயிற்று என்று நீலக் குறி காட்டியது.

அழிக்கலாமா என்று யோசிக்கும்போதே போன் அடித்தது.

"மேகலாவாம்மா? எஞ்சினீயர் பேசறேன். குந்த வெச்சிக் கேள்வி கேக்கறவர்."

"சார்."

"மூஞ்சிய உம்முனு வெச்சிக்கினுதான் பேசறேன். என்ன அது சக்கரம்?"

கடிதம் மடியில் கிடந்தது. அதைப் படிக்க வாய் வரவில்லை. வீடியோவில் பேசிய அதே வாயோடு சொல்லிவிட்டேன். சார், எட்டுப் பெட்டியில ஆறு காத்து சார். நான் எழுதினதாலதான் சார். இங்க சிரிக்கிறாங்க சார்.

அவர் கேட்டார்: "சக்கரம் அடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"பழகிட்டா ஒரு நிமிஷம் சார். எனக்கு அஞ்சு ஆச்சு."

"கழண்டு வந்துதுன்னா?"

"டொக்குனு சத்தம் வந்துட்டா வராது சார். உதைச்சுப் பாத்தேன்."

"நீ முன்னாடி எழுதின வரி எனக்குப் பிடிச்சிருந்துதும்மா," என்றார். "அதனாலதான் யோசிக்காம விட்டுட்டேன். சரி, சாயங்காலத்துக்குள்ள கடுதாசி அனுப்பச் சொல்றேன். நீ வந்ததும் ஆபீஸுக்கு வா. கோப்புல காரணம் எழுதணும்."

வியட்நாம் நேரப்படி மாலை ஐந்துக்குக் கடிதம் வந்தது. லான் படித்துச் சொன்னாள். வின் காதிலிருந்து பென்சிலை எடுத்து, சுவரில் இருந்த தாளை நெடுக அடித்தார். நான் எழுதிய வரியை இன்னொருவர் அடிப்பதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கொஞ்சம் வலித்தது, சொல்லாமல் இருப்பானேன். ஹான் எனக்கு ஒரு டம்ளர் காப்பி கொண்டுவந்தார். டம்ளர் மேல் வடிகட்டி, சொட்டுச் சொட்டாக விழ, அடியில் கெட்டிப் பால். அது இறங்குவதற்குள் உத்திரமேரூரில் நாலு பேர் குடித்துவிட்டுப் பாக்கி சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். காத்திருந்து குடித்தேன். நன்றாக இருந்தது.

எட்டு என்பது நாலாயிற்று. இரண்டு பெட்டி காற்றோடுதான் வந்தது. மீதி இரண்டில் மற்றவையெல்லாம் அடங்கிவிட்டன. சேதி கேட்டதும் ஏழுமலை சாருக்குக் கொஞ்சம் வருத்தம். டீக்கடையில் எட்டு என்று சொன்னவர் நாலு என்று மாற்றிச் சொல்ல வேண்டியிருந்தது.

பெட்டிகள் வந்து சேர ஒரு மாதம் ஆனது. நான் ஊருக்கு வந்த மறு வாரமே பொறியாளர் அலுவலகத்துக்குப் போனேன். நேரில் பார்த்தால் அப்படி ஒன்றும் உம்மென்ற முகமில்லை; வெற்றிலை போடுவதால் வாயை மூடியே வைத்திருப்பார், அவ்வளவுதான். கோப்பைத் திறந்து என் பக்கம் தள்ளினார்.

"நிபந்தனையை ஏன் மாத்தினோம்னு காரணம் வேணும். 'தட்டச்சுப் பிழை'ன்னு போட்டுடலாம்மா. யாருக்கும் வம்பு இல்ல. உன் பேரும் வராது."

நல்ல மனதோடுதான் சொன்னார். பேனாவின் மூடியைக் கழற்றினேன்.

"நான் டைப் அடிச்சா பிழை வராது சார்," என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"யோசிச்சதுலதான் பிழை. அப்படியே எழுதிடறேன் சார்."

எழுதினேன். தொட்டிகள் பொருத்தப்பட்ட நிலையில் வர வேண்டும் என்று நிபந்தனை விதித்தது தவறு; அதனால் கப்பலில் வெற்றிடம் ஏற்றப்பட்டது; அதைக் கேட்டவர் நான். கீழே பெயர், கையெழுத்து. அவர் அதைப் படித்தார். மென்று முடித்தார். "அடுத்த தடவைக்கும் தொட்டி வேணும்," என்றார். "எங்க வாங்கறது?"

"ஒரகடம் பக்கத்துல அச்சு வெச்சிருக்காங்க சார். பழைய பிளாஸ்டிக்லயே செய்யறாங்களாம். நிறம் கொஞ்சம் மங்கலா இருக்கும், விலை கொஞ்சம் கூட. ஆனா லாரி காலையில போய் மத்தியானம் வந்துடும்."

"மங்கலா இருந்தா என்ன, குப்பைதானே போடப்போறோம். நிபந்தனை எழுதிக் கொண்டா, பாக்கலாம். ஆனா ஒண்ணு. எழுதினதும் எனக்கு அனுப்பாத. சக்கரம் அடிக்கறவங்களுக்குப் படிச்சுக் காட்டிட்டு அனுப்பு."

பெட்டிகள் வந்த வாரம் கொட்டகையில் பெண்கள் சக்கரம் அடித்துக்கொண்டிருந்தார்கள். டொக், டொக் என்று சாலை வரை கேட்டது. மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது புது நிபந்தனைகளைப் படித்தேன். இந்த முறை தமிழில்தான் முதலில் எழுதியிருந்தேன். அம்மாவும் அன்று கூலிக்கு வந்திருந்தாள். நான் படிப்பதைக் கேட்பதைவிட, மற்றவர்கள் கேட்கிறார்களா என்றே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது வரியில் தேவகி அக்கா கையைத் தூக்கினாள். "இரு இரு. சக்கரத்த சாக்குல போட்டா எண்றது எப்டி? கம்பில கோத்து அனுப்பச் சொல்லு."

எழுதிக்கொண்டேன்.

நாலாவது வரியில் இன்னொரு அக்கா நிறுத்தினாள். ஏழாவதில் அம்மா. "அந்த மூடி மேல இன்னா பொம்மடி அது, அம்பு அம்பா சுத்திக்கினு? எவனுக்குப் புரியும்? எந்தக் குப்பைய போடணுமோ அந்தக் குப்பைய வரைய சொல்லு."

மூன்று இடத்தில் நிறுத்தினார்கள். மூன்றையும் அடித்து எழுதினேன்.